நாலு ஆடும் பதினாறு வீடும்

வாங்க கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க. கதவோரம் உட்கார்ந்தவர்களும் உள்ளே தள்ளி வாங்க, அங்கே ஊதக்காற்று அடிக்கும். அடுப்பை அணைச்சாச்சா? கைக்குழந்தை தூங்கிடுச்சா? சரி, அப்போ நிம்மதியாகக் கேட்கலாம். பேய் பிசாசு வராத கதைதான் சொல்லப்போகிறேன். ஆனாலும் பயம் இருக்கும். ஜானகி நாலு நாள் பயந்தாள். நீங்கள் ஒரு நாழிகை பொறுத்துக்கொண்டால் போதும்.

இந்த ஜானகி பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் பிறந்து வளர்ந்தவள். புருஷன் வெங்கடசாமி பீன்யாவில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டினவர். இருபத்தோரு வருஷம் ஓட்டினார். தொண்ணூறுகளின் கடைசியில் கம்பெனிக்காரன் கையெழுத்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டான். மனுஷர் சோர்ந்து உட்காரவில்லை. நெலமங்கலா போகிற வழியில் அரை ஏக்கர் குத்தகைக்குப் பிடித்து ஆடு, நாட்டுக்கோழி வளர்க்க ஆரம்பித்தார். குடும்பமும் அங்கேயே ஒரு ஷீட் வீட்டுக்குப் போய்விட்டது. ஆனால் வாடிக்கை எல்லாம் பழைய தெருதான். முட்டையா, கோழியா, ஸ்ரீராம்புரத்து ஜனம் ஜானகியைத்தான் கேட்கும்.

யுகாதிக்கு மறுநாளை பெங்களூரில் ஹொஸதொடகு என்பார்கள். முதல்நாள் வேப்பம்பூவும் வெல்லமும் என்றால் மறுநாள் கறி. அன்றைக்குக் கறி வேகாத வீட்டில் வருஷமே தொடங்கவில்லை என்று கணக்கு. கன்னடக்காரர், தெலுங்கர், நம்மவர் என்ற பேதமெல்லாம் அன்றைக்குக் கிடையாது. கடையில் நின்றால் மத்தியானம்வரை நிற்கவேண்டும். அதனால் அந்தத் தெருவில் நாலு வீடு சேர்ந்து ஓர் ஆடு எடுத்து, அறுத்து, வாழை இலையில் கூறு போட்டுக்கொள்வார்கள். ஒவ்வொரு கூறிலும் தொடையில் கொஞ்சம், நெஞ்சில் கொஞ்சம், ஈரலில் ஒரு துண்டு, குடலில் ஒரு பிடி. ஒருவர் முதுகைக் காட்டி நின்று வீட்டுப் பெயரைச் சொல்லுவார், இன்னொருவர் கூறைத் தொட்டுக் காட்டுவார். யாருக்கு எது விழுந்ததோ அதுதான்.

வெங்கடசாமி ஆடு வளர்க்கத் தொடங்கிய பிறகு தெருக்கோடிக் காலி மனையில் நாலு ஆடு, பதினாறு வீடு என்று ஆனது. அறுப்பது, கூறு போடுவது எல்லாம் அவரே. போன வருஷம் ஆதிகேசவன் என்கிற பெயிண்டர் சண்டைக்கு வந்துவிட்டார். "என் கூறுல எலும்பைத் தவிர என்னா இருக்கு? ஆட்டுக்குப் போட்ட லாடத்தையும் சேத்துப் போட்டுட்டியா?" என்று தெரு சிரிக்கக் கேட்டார். வெங்கடசாமிக்கு அது உறைத்துவிட்டது. இந்த வருஷம் புதுத் தராசு வாங்கினார். அரசாங்க ஆபீசில் கொடுத்துச் சரிபார்த்து, கொடுத்த சர்ட்டிபிகேட்டை லேமினேஷன் பண்ணி, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். "இனிமே கிலோ கணக்குதான். கவர்மெண்டே எழுதிக் குடுத்துருச்சு, எவன் கேப்பான்?" என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

யுகாதி சனிக்கிழமை. அதற்கு முந்தின புதன்கிழமை ஜானகி முட்டைக்கூடையோடு மௌரீன் வீட்டுக்குப் போனாள். மௌரீன் ஆஸ்பத்திரியில் ஆயா. தெருவில் யார் வீட்டில் என்ன என்று அவளுக்குத் தெரியாமல் இருக்காது. பதினாறு வீட்டையும் சேர்த்துக் கட்டுவதே அவள்தான்.

"ஜானு, கேட்டியா சேதி? பக்கத்து கிராஸ் தெருவுல நேத்து ஒருத்தன் வீட்டு வாசல்லயே ஆடு அடிச்சு வித்துக்கிட்டு இருந்தான். ஜீப் வந்துச்சு. கறி மேல ஃபினாயிலை ஊத்திட்டுப் போயிட்டாங்க."

"கறி மேலயேவாக்கா?"

"பின்ன, பக்கத்துல வெச்சு வேடிக்கை காட்டுவாங்களா? ஒரு கேன் முழுக்க. எங்க ஆஸ்பத்திரி வார்டே எழுந்து வந்து தெருவுல உக்காந்த மாதிரி நாத்தம். தராசையும் தூக்கிட்டாங்க, ஆளையும் ஏத்திட்டாங்க. அவன் பொண்டாட்டி அழுத அழுகை இருக்கே, அய்யோ சாமி."

ஜானகி கூடையைக் கீழே வைத்தாள். அன்றைக்கு வீடு திரும்பும்வரை பஸ்ஸில் அவளுக்கு ஃபினாயில் வாசனைதான். நாலு ஆட்டின் கறியும் இலையிலே வெள்ளை வெள்ளையாக நனைந்து கிடப்பதும், பதினாறு வீட்டு அடுப்பும் மசாலா அரைத்து வைத்துக்கொண்டு காத்திருப்பதும், புருஷன் ஜீப்பில் தலை குனிந்து உட்கார்ந்திருப்பதும் மாறி மாறித் தெரிந்தன. கம்பெனி அனுப்பியபோதே அந்த மனுஷருக்குப் பாதி உயிர் போயிருந்தது. மீதியை இந்த ஆடுகள்தான் பிடித்து வைத்திருந்தன.

அவரிடம் சொன்னால் சர்ட்டிபிகேட்டைக் காட்டுவார். அதனால் வியாழக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல், ஸ்ரீராம்புரத்துப் பக்கத்துச் சுகாதார ஆபீசுக்குப் போய்விட்டாள். இன்ஸ்பெக்டர் கோவிந்தப்பா கன்னடக்காரர், ஆனால் தமிழ் தண்ணீர் பட்ட பாடு.

"சார், எங்க ஊர்ல ஒருத்தர் இருக்காரு. ஆடு வளக்கிறாரு. பண்டிகைக்குக் கறி போட்டு வித்தா தப்பா சார்?"

கோவிந்தப்பா மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "அந்த ஒருத்தருக்குக் கல்யாணம் ஆயிருச்சா?"

"ஆயிருச்சு சார்."

"பொண்டாட்டி இப்ப எங்க நிக்கறாங்க?"

ஜானகி முந்தானை நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் சிரித்துவிட்டு, நாற்காலியைக் காட்டினார்.

"கேளும்மா இல்லி, இங்க கேளு. உயிரோட ஆட்டை வித்தா நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். அது விவசாயி பாடு. கத்தி வெச்சுக் கறியாக்கி வித்தா, அப்ப என் பாடு. கார்ப்பரேஷன் ஆட்டுத்தொட்டிக்குப் போகணும், அங்கதான் அறுக்கணும். டாக்டர் உயிரோட ஒரு தடவ பாப்பாரு, அறுத்தப்புறம் ஒரு தடவ பாப்பாரு. தொடையில ஊதா சீல் விழணும். அதுக்கப்புறம் விக்கறதுன்னா கடை வேணும், கடைக்கு லைசென்ஸ் வேணும். இதெல்லாம் இல்லாம தெருவுல தராசு தொங்கினா அது திருட்டுக் கடை, அஷ்டே, அவ்வளவுதான்."

"நல்ல ஆடு சார். நானே கையால தழை போட்டு வளத்தது."

"ஒருத்தன் இப்படித்தான் நல்ல ஆடுன்னான். அதைச் சாப்பிட்டு பன்னெண்டு பேரு ஆஸ்பத்திரியில படுத்தாங்க. அவனும் தானே வளத்ததுன்னுதான் சொன்னான்." பேனாவை எடுத்தார். "எந்த ஏரியா?"

கேட்டதும் ஜானகியின் வாய் தானாகத் திறந்துகொண்டது. ரேஷன் ஆபீசிலும் ஆஸ்பத்திரியிலும் கேட்டால் சொல்லிப் பழகின வாய் அல்லவா? "ஸ்ரீராம்புரம் சார், ஆறாவது கிராஸ், தெருக்கோடி காலி மனை, மௌரீன் அக்கா வீட்டுக்கு எதிர்க்க."

அவர் எழுதிக்கொண்டார். "சரி. ஞாயித்துக்கிழமை ரவுண்ட்ஸ் வருவேன்."

வெளியே வந்து பத்தடி நடந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. விசாரிக்கப் போனவள், ஜீப்புக்கு வழி சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். திரும்பிப் போய் அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கலாமா என்றுகூட ஒரு நிமிஷம் நின்றாள். கேட்டால் தருவாரா, பாவம்.

மத்தியானம் வெங்கடசாமி ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். நடந்ததை எல்லாம் சொன்னாள். எதிர்பார்த்தபடியே கத்தினார்.

"உன்னை எவன் போகச் சொன்னான்? லைசென்ஸ் செவுத்துல தொங்குது, கண்ணு தெரியல?"

ஜானகி உள்ளே போய் அந்தச் சர்ட்டிபிகேட்டைக் கழற்றிக்கொண்டு வந்தாள். ஏழாம் வகுப்புவரை கன்னட ஸ்கூலில் படித்தவள். அவருக்குக் கன்னடம் பேச வரும், ஓர் எழுத்து படிக்க வராது. இருபது வருஷக் குடித்தனத்தில் இதுவரை அந்தப் பேச்சு வந்ததில்லை.

"படி," என்றார். குரல் இறங்கியிருந்தது.

"இந்தத் தராசும் எடைக்கல்லும் பரிசோதிக்கப்பட்டு சரியாக இருப்பதாகச் சான்றளிக்கப்படுகிறது."

"அப்புறம்?"

"தராசோட நம்பர்."

"அப்புறம்?"

"தேதி. கையெழுத்து. அவ்வளவுதாங்க."

"கறின்னு எங்கயும் இல்ல?"

"இல்லைங்க."

"ஆடுன்னு?"

அதுவும் இல்லை என்று தலையாட்டினாள். அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு, ஆட்டுக்குட்டி ஒன்றின் காதைப் பிடித்துத் தடவினார். பிறகு, "யார்கிட்டயும் சொல்லிடாத. நான் இதை லைசென்ஸ்னு மாட்டி வெச்சதை," என்றார்.

"சொல்ல மாட்டேன்," என்றாள் ஜானகி. "ஆனா நான் சொல்றதைக் கேளுங்க. உயிரோட வித்தா தப்பில்லைன்னாரு இல்ல? நாலு ஆட்டையும் உயிரோடவே தெருக்காரங்களுக்குக் குடுத்துடலாம். அவங்க ஆடு, அவங்க தொட்டிக்கு ஓட்டிட்டுப் போகட்டும், அவங்களே கூறு போட்டுக்கட்டும். நாம கத்தியும் தொடக் கூடாது, தராசும் தொடக் கூடாது."

வெள்ளிக்கிழமை அவளும் மௌரீனும் ஆட்டுத்தொட்டி ஆபீசில் வரிசையில் நின்றார்கள். பண்டிகைக் கூட்டம். டோக்கன் தீரப்போகிறது, தீரப்போகிறது என்று முன்னாலிருந்து சேதி வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் ஜானகி முன்னால் நிற்பவர்களை எண்ணினாள். கடைசியில் நாலு டோக்கன் கிடைத்தது. ஆட்டுக்காரர் பெயர் என்கிற இடத்தில் நாலு நாலு வீடாகப் பதினாறு பெயரும் ஏறின. வெங்கடசாமியின் பெயர் எங்குமே இல்லை. "என் பேர்ல ஆடு இருக்குன்னு எங்க அப்பா உயிரோட இருந்தப்ப தெரிஞ்சிருந்தா, நல்ல மாப்பிள்ளையாப் பாத்திருப்பாரு," என்றாள் மௌரீன். ஜானகிக்குச் சிரிப்பு வரவில்லை.

சனிக்கிழமை யுகாதி. வேப்பம்பூவும் வெல்லமும் தின்றாள். அவளுக்கு வேப்பம்பூ மட்டும்தான் தெரிந்தது.

ஞாயிறு விடிந்தும் விடியாததுமாக லக்கேஜ் ஆட்டோவில் நாலு ஆடும் தொட்டி வாசலுக்கு வந்தன. வெங்கடசாமி ஒவ்வொரு கயிறாக அவிழ்த்து, வீட்டுக்காரர்கள் கையில் கொடுத்தார். ஆடு விற்கிறவன் கயிறு மாற்றிக் கொடுத்தால் ஆடு கைமாறிவிட்டது என்று அர்த்தம், நம் பக்கத்தில் தெரியுமே. நாலாவது கயிறை மௌரீன் கையில் கொடுத்தபோது அவர் விரல் சட்டென்று விடவில்லை. "குடு சாமி, நான் என்ன இதை வளக்கவா கேக்கறேன்?" என்றாள் அவள்.

டாக்டர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். வாயைத் திறந்து, கண்ணை இழுத்து, காதடியில் கை வைத்து. மூன்று உள்ளே போயின. மௌரீனின் ஆட்டுக்கு மூக்கு லேசாக ஒழுகியது.

"காய்ச்சல் இருக்கு. இது வேணாம். மருந்து குடுத்துப் பத்து நாள் கழிச்சுக் கொண்டு வாங்க."

"டாக்டர், பண்டிகைங்க," என்றாள் ஜானகி.

"ஆட்டுக்கு அது தெரியாதும்மா," என்று அவர் அடுத்த ஆட்டுக்குப் போய்விட்டார்.

மௌரீனும் அவளோடு சேர்ந்த மூன்று வீடும் வெறுங்கையோடு நின்றார்கள். வெங்கடசாமி அந்த ஆட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அதற்கு வாங்கின பணத்தையும் அங்கேயே திருப்பிக் கொடுத்தார்.

பத்து மணிக்கு மூன்று ஆட்டின் கறியும் தெருக்கோடி மனைக்கு வந்து சேர்ந்தது. ஒவ்வொரு தொடையிலும் ஊதா சீல் பளிச்சென்று இருந்தது. ஆடு கிடைக்காத நாலு வீட்டுக்கும் சேர்த்துப் பதினாறு வாழை இலை விரித்தார்கள். பெயிண்டர், தையல்காரர், ஆஸ்பத்திரி ஆயா என்று யார் யாரோ கத்தி பிடித்தார்கள். கறி போடத் தெரிந்த ஒரே மனுஷர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நோயாளி ஆட்டோடு பத்தடி தள்ளி நின்றார். ஜானகியின் கட்டளை அப்படி. மௌரீன் ஈரலைக் கன்னாபின்னாவென்று கீறியபோது அவரால் தாங்க முடியவில்லை. "அக்கா, நரம்பை எடுத்துட்டு வெட்டு!" என்று கத்தினார். ஜானகி திரும்பிப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார். அவள் கண் கறியிலும் இல்லை, அவர்மேலும் இல்லை. தெருமுனையில் இருந்தது. ஸ்கூட்டர் சத்தம் கேட்டாலும் ஜீப்போ என்று எட்டிப் பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்து ஆதிகேசவன் ஆரம்பித்தார். "மூணு ஆடு பன்னெண்டு வீட்டுது. பதினாறாப் போட்டா எங்க பங்கு குறையுதே. மௌரீன் அக்கா வீட்டுக்குக் குடுக்க வேணாம்னு நான் சொல்லல. ஆனா யாருக்கு எவ்வளவு போகுதுன்னு தெரியணும். தராசு எங்க?"

"தராசு வேணாண்ணே," என்றாள் ஜானகி. "கண்ணளவுல போடுங்க. உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன்."

"கண்ணளவுலதான் போன வருஷம் நான் எலும்பு கடிச்சேன்!"

பண்டிகைக்கென்று வெங்கடசாமி முன்னாடியே கொண்டுவந்து மௌரீன் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் தராசை வைத்திருந்தது ஆதிகேசவனுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. யாரும் தடுப்பதற்குள் எதிர்வீட்டுக்குள் போய் இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து, இலைக்குப் பக்கத்தில் ஸ்டூல்மேல் வைத்தார். வைத்துவிட்டு நிமிர்ந்தார். தெருமுனையில் ஜீப் நின்றது.

கண்ணுகளா, அந்த நேரத்தில் ஜானகிக்கு என்ன ஆகியிருக்கும்? கோவிந்தப்பா இறங்கினார். பின்னால் ஓர் ஆள், கையில் வெள்ளைக் கேன்.

"யார் ஆடு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

பன்னிரண்டு வீட்டுக்காரரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஆதிகேசவன் தராசைவிட்டு இரண்டடி பின்னால் போனார். ஜானகி டோக்கன் காகிதத்தை நீட்டினாள். அவர் வாங்கினார், பெயர்களைப் படித்தார், சீலைப் பார்த்தார். பிறகு கண் தராசில் போய் நின்றது.

"ஆட்டுக்கு இத்தனை பேர் சொந்தம். சரி. அப்ப இந்தத் தராசு யாருக்குச் சொந்தம்?"

"என்னுது சார்."

வெங்கடசாமி ஆட்டுக் கயிறைப் பக்கத்து வேலியில் கட்டிவிட்டு முன்னால் வந்தார். ஜானகி வேண்டாம் என்று தலையாட்டினாள். அவர் பார்க்கவில்லை.

"விக்கறதுக்குத்தான் வாங்கினேன். கிலோ போட்டு வித்துடலாம்னு. இதுக்கு ஒரு சர்ட்டிபிகேட் குடுத்தாங்க. அதைக் கறி விக்கற லைசென்ஸ்னு நெனச்சு, லேமினேஷன் பண்ணி சாமி பக்கத்துல மாட்டினேன் சார். எனக்குக் கன்னடம் படிக்க வராது. என் சம்சாரம் படிச்சுச் சொன்னப்புறம்தான் தெரியும். வளத்தது நான். ஆடு இவங்களுது. இன்னிக்கு நான் கறியைத் தொடலை. தராசும் தொடலை."

தெருவே கேட்டது. யாருக்கும் சொல்லாதே என்று கேட்டுக்கொண்ட மனுஷர், பதினாறு வீட்டுக்கு முன்னால் தானே சொல்லிவிட்டார். ஆதிகேசவன் தரையைப் பார்த்தார். "நான்தான் சார் எடுத்தாந்தேன்," என்றார் மெதுவாக.

கோவிந்தப்பா குனிந்து, தராசுத் தட்டில் விரலை வைத்து இழுத்தார். இன்னொரு தட்டிலும் இழுத்தார். விரலைப் பார்த்தார். தூசிதான் இருந்தது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

"தூக்கி உள்ள வெச்சிடுப்பா," என்றார் வெங்கடசாமியிடம். "கடை வெக்கணும்னா ஆபீசுக்கு வா. அர்ஜி ஃபாரத்தை நானே படிச்சுச் சொல்றேன். ஆனா இடம் வேணும், தண்ணி வேணும், கழிவுக்கு வழி வேணும். லேசுல கிடைக்காது." கேன்காரரைப் பார்த்துத் தலையசைத்தார். ஜீப் அடுத்த கிராசுக்குத் திரும்பியது.

யாரும் சந்தோஷப்படவில்லை முதலில். நின்ற இடத்திலேயே நின்றார்கள். அப்புறம் ஆதிகேசவன்தான், "பதினாறாவே போடுங்க," என்றார். "கத்தியை வெங்கடசாமிகிட்ட குடுங்க. எங்க ஆடுதான், நாங்க சொல்றோம், அவரு போடட்டும். மௌரீன் அக்கா வெட்டின ஈரலைப் பாத்தா ஆடே எழுந்து அழும்."

"வெட்டத் தெரியாதவளுக்குப் பாவம்னு பங்கு குடுக்கறாரு பாரு பெரிய மனுஷன்," என்றாள் மௌரீன். அவள் கண் கலங்கியிருந்தது. வெங்கடசாமி ஜானகியைப் பார்த்தார். அவள் சரி என்றாள். அவர் கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தார்.

கூறு சிறிசுதான். ஒரு கூறைக் கையில் எடுத்தால் போன வருஷத்தில் முக்கால் இருக்கும். ஆனால் பதினாறு வீட்டிலும் மத்தியானம் குழம்பு கொதித்தது. ஜானகியும் வெங்கடசாமியும் தங்களுக்கென்று பெயர் எழுதிக்கொள்ளவில்லை, எழுதினால் சிக்கல் என்று விட்டிருந்தார்கள். மௌரீன் வீட்டிலேயே உட்கார வைத்துச் சோறு போட்டாள். ஜானகிக்கு இரண்டு கவளத்துக்குமேல் இறங்கவில்லை. திரும்பும்போது லக்கேஜ் ஆட்டோவில், மூக்கொழுகும் ஆட்டை மடியோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்தாள். பின்னால் ஏதாவது வண்டி ஹாரன் அடித்தால் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னும் என்னா?" என்றார் வெங்கடசாமி.

"ஒண்ணும் இல்லைங்க. பழகிப்போச்சு," என்றாள். கொஞ்ச தூரம் போன பிறகு, "திங்கக்கிழமை ஆபீசுக்குப் போகணும். நீங்களும் வாங்க. அர்ஜியை அவரு படிக்க வேணாம், நான் படிக்கறேன்," என்றாள். அவர் ஆட்டின் தலையைத் தடவிக்கொண்டே, "ம்," என்றார்.

அவ்வளவுதான் கண்ணுகளா. இவ்வளவு நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டீர்களே, உங்கள் அடுப்பு என்றைக்கும் அணையாமல் எரியட்டும். உங்கள் வாசலுக்கு வருகிறவர் நல்ல சேதியோடு வரட்டும். உங்கள் வீட்டில் பங்கு கேட்டு ஒரு வயிறு கூட வந்தாலும், கொடுத்த பிறகும் சட்டியில் மீதம் இருக்கட்டும். பிள்ளைகுட்டிகளோடு, ஆடுமாடுகளோடு, அண்டை அயலோடு நல்லா இருங்க, நூறு வருஷம் நல்லா இருங்க.